எச்ஐவி தொற்றவே தொற்றாத மனிதர்கள் இருக்கிறார்களாமே, உண்மையா?

புல்லட்பாண்டி

வணக்கம் மக்களே. ஒரு ரீல்ஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது, எங்கள் ஹாஸ்டல் வாட்ஸப் குழுவில் திரும்பத் திரும்ப வருகிறது. பத்துப் பேரில் ஒருவருக்குப் பிறக்கும்போதே எச்ஐவி எதிர்ப்பு மரபணு இருக்கிறதாம், குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் நமக்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்களாம். கீழே ஒருவன் "இருக்குன்னு வந்துட்டா இனி ஆணுறை செலவு மிச்சம்" என்று எழுதியிருக்கிறான், அதற்கு லைக் கொட்டுகிறது. நான் பி.காம்., பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டவன். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கப்ஸா? அப்புறம், நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த மரபணு உண்டா?

லேப்கோட்டு

மரபணு உண்மை. "பத்தில் ஒருவர்" என்பதும் "வராது" என்பதும் வேறு வேறு ஆட்களைப் பற்றியது, ரீல்ஸ்காரர் இரண்டையும் ஒட்டிவிட்டார்.

எச்ஐவி நம் வெள்ளையணுவுக்குள் போக முதலில் சிடி4 என்ற புரதத்தைப் பிடிக்கும், அது மட்டும் போதாது, பக்கத்தில் இன்னொரு புரதமும் வேண்டும். பெரும்பாலும் அது சிசிஆர்5. இந்த சிசிஆர்5ஐச் செய்யும் மரபணுவில் சிலருக்கு 32 எழுத்துகள் விடுபட்டிருக்கும், அதனால் டெல்டா 32 என்று பெயர். மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. 32 மூன்றால் வகுபடாது. அதனால் விடுபட்ட இடத்துக்குப் பிறகு வருவதெல்லாம் தப்புத்தப்பாகப் படிக்கப்பட்டு, 352 அமினோ அமிலம் இருக்க வேண்டிய புரதம் 215லேயே நின்றுவிடுகிறது. அந்த அரைகுறைப் புரதம் செல்லின் மேற்பரப்புக்கே வந்து சேராது. வைரஸ் வந்து பார்த்தால் பிடிக்க ஒன்றுமில்லை.

ஆனால் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் இப்படி இருந்தால்தான் இந்தக் கதை. ஐரோப்பிய வம்சாவளியில் அப்படிப்பட்டவர்கள் சுமார் 1 சதவீதம். ஒரு பிரதி மட்டும் உள்ளவர்கள்தான் பத்துக்கு ஒருவர், வட ஐரோப்பாவில் இன்னும் கூடுதல். அவர்களுக்கு எச்ஐவி தாராளமாக வரும். மருந்து எடுக்காவிட்டால் எய்ட்ஸ் நிலைக்குப் போவது சராசரியாக ஓரிரண்டு வருடம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆணுறைச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்த அந்தப் பையன் இந்தக் கூட்டத்தில் இருந்தால் அவன் கதி என்ன?

நம்ம ஊர்: ஆப்பிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் இது இல்லை என்றே சொல்லலாம், தென்னிந்தியாவிலும் மிக மிக அபூர்வம். இரண்டு பிரதியும் உள்ள தமிழரை எதிர்பார்த்து டெஸ்ட் எடுப்பது வீண் செலவு.

கரிசல்காட்டான்

அதெப்படி ஐரோப்பாக்காரனுக்கு மட்டும்? எச்ஐவி வந்ததே 80களில்தானே. மனிதனுக்கு அது வந்து நூறு வருஷம் ஆகியிருக்கும் என்று வைத்தாலும், அதற்குள் ஒரு மரபணு கண்டம் முழுக்கப் பரவ முடியாதே. ஏதோ இடிக்கிறது.

லேப்கோட்டு

நல்ல இடி. எச்ஐவிக்காக அது பரவவில்லை. வேறு எதற்காக என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. 90களில் கொள்ளைநோய், அதாவது பிளேக், காரணமாக இருக்கும் என்றார்கள். 1665-66ல் பிளேக் வந்தபோது தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்ட ஈயம் என்ற இங்கிலாந்துக் கிராமத்தின் வாரிசுகளிடம்கூட இந்த மரபணுவைத் தேடினார்கள், டிவியில் காட்ட அருமையான கதை. ஆனால் சிசிஆர்5 இல்லாத எலிகளுக்குப் பிளேக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தபோது, 2004ல், அவையும் மற்ற எலிகளைப் போலவே செத்தன. பெரியம்மையாக இருக்கலாம் என்று இன்னொரு தரப்பு. பழங்கால எலும்புகளின் டிஎன்ஏவை வைத்து 2025ல் வந்த ஆய்வு, கருங்கடல் பக்கம் 6,700 முதல் 9,000 வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த ஒரே ஆளிடம் தொடங்கியது என்கிறது. அந்த வயசு சரி என்றால் இடைக்காலப் பிளேக்குக் கதைக்கு வேலையே இல்லை. என்னைக் கேட்டால் பிளேக்கை மறந்துவிடலாம். ஆனால் ரீல்ஸில் அது இன்னும் இருபது வருஷம் ஓடும்.

யாழ்மகன்_ஒஸ்லோ

ஒரு சந்தேகம். நான் யாழ்ப்பாணம், மனைவி நோர்வேக்காரி. பிள்ளைகளுக்கு இந்த டெல்டா 32 வந்திருக்கக்கூடுமோ? எங்கட வேலையிடத்தில் ஒருவர் தனக்கு இருக்குது என்று பெருமையாகக் கதைத்துக்கொண்டு திரிகிறார்.

லேப்கோட்டு

வந்திருக்கலாம் அண்ணா, ஆனால் ஒரு பிரதிதான், அதுவும் உங்கள் மனைவியிடம் இருந்தால். உங்கள் பக்கத்திலிருந்து இரண்டாவது பிரதி வர வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரு பிரதி பாதுகாப்பு இல்லை என்று மேலே சொன்னேன். உங்கள் சகாவிடம் ஒன்றா இரண்டா என்று கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். இரண்டு என்றாலும் முழுக் காப்பு கிடையாது. சில வைரஸ்கள் சிசிஆர்5ஐ விட்டுவிட்டு சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறு புரதத்தைப் பிடித்து நுழையும். இரண்டு பிரதி இருந்தும் தொற்று வந்தவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள், சொற்பம்தான் என்றாலும், இருக்கின்றன.

தென்றல்

நான் ஆலோசகர், எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். மரபணு பற்றி லேப்கோட்டு சொல்லட்டும், எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

கணவருக்கு இருக்கும், மனைவிக்கு இருக்காது. அல்லது மனைவிக்கு இருக்கும், கணவருக்கு இருக்காது. இப்படிப்பட்ட தம்பதிகளை நாங்கள் பார்த்துக்கொண்டே இருப்போம். வீட்டில் உடனே ஒரு விளக்கம் தயாராகிவிடும். கணவருக்கு இருந்து மனைவிக்கு இல்லையென்றால் "அவ ரத்தம் சுத்தம்". மனைவிக்கு இருந்து கணவருக்கு இல்லையென்றால் "அப்போ இவ வேற எங்கேயோ வாங்கிட்டு வந்திருக்கா". ஒரே விஷயம், பெண்ணுக்கு வந்தால் நடத்தை, வராவிட்டால் உடம்பு வாகு. ஒரு மாமியார் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என் பிள்ளைக்கு இல்லன்னு எழுதியிருக்கு பாருங்க, அப்போ இவதானே" என்று கேட்டார். அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள். தலை நிமிரவில்லை. பையனுக்கு இன்னொரு முறை பரிசோதிக்க வேண்டும், இப்போது இல்லையென்று வந்ததால் ஒன்றும் முடிவாகவில்லை என்று விளக்கி அனுப்பவே போதும் போதும் என்றாகிவிட்டது.

வராததற்குப் பெரும்பாலும் மரபணு தேவையே இல்லை. ஆணிடமிருந்து பெண்ணுக்கு ஒரு முறை உறவில் தொற்றும் வாய்ப்பு 10,000க்கு 8 என்ற கணக்குதான் பொதுவாகச் சொல்லப்படுவது. குதவழி என்றால் 138. இது சராசரி. புதிதாகத் தொற்றிய வாரங்களிலோ, வேறு பால்வினைப் புண் இருந்தாலோ பல மடங்கு கூடும். இந்தக் கணக்கில் சில வருடம் தப்பிப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள், முதல் முறையே மாட்டுபவர்களும் இருப்பார்கள். அப்புறம் எச்ஐவிக்கான கூட்டு மருந்து. ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டால் உறவின் மூலம் தொற்றாது. சென்னையும் பங்கெடுத்த எச்பிடிஎன் 052 என்ற ஆய்வில் 1,763 தம்பதிகளைப் பார்த்தார்கள், 2011ல் முடிவு வந்தது, சீக்கிரமே மருந்து தொடங்கியதால் இணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளில், வைரஸ் அடங்கியிருந்தவர்களிடமிருந்து இணைக்குப் போனது பூஜ்யம். அவரவர் மரபணு என்னவென்று யாரும் பார்க்கவில்லை, மாத்திரையைத்தான் பார்த்தார்கள்.

புல்லட்பாண்டி

மேடம், அந்த மாமியார் கதையைப் படித்துக் கடுப்பாகிவிட்டது. சரி, லேப்கோட்டு அண்ணே, இந்த இரண்டு பிரதி ஆட்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யாரும் வேண்டுமென்றே எச்ஐவியைக் கொடுத்துப் பார்க்க முடியாதே.

லேப்கோட்டு

ஆட்கள் தாங்களாகவே வந்து கதவைத் தட்டினார்கள். ஸ்டீஃபன் க்ரோன் என்று நியூயார்க்கில் ஒரு ஓவியர். அவருடைய காதலர் 1982ல் இறந்தார், எய்ட்ஸ் என்ற பெயரே அப்போதுதான் வருகிறது. அதற்குப் பிறகு நண்பர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டே இருந்தார்கள், இவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. என்னிடம் ஏதோ இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்று ஆராய்ச்சியாளர்களிடம் இவரே போய் நின்றார். ஆரன் டயமண்ட் எய்ட்ஸ் ஆராய்ச்சி மையத்தில் இவருடைய சிடி4 செல்களை எடுத்து, சாதாரணமாகத் தொற்றப் போதுமான அளவைவிடப் பல மடங்கு வைரஸை ஊற்றிப் பார்த்தார்கள். தொற்றவில்லை. 1996ல் சிசிஆர்5தான் வைரஸின் இரண்டாவது பிடிமானம் என்று தெரிந்த சில மாதங்களிலேயே டெல்டா 32ம் வெளியே வந்தது, மூன்று குழுக்கள் அடுத்தடுத்து வெளியிட்டன.

க்ரோன் 2013ல் தற்கொலை செய்துகொண்டார், 66 வயது. வரம் வாங்கியவர் என்று எழுதுபவர்கள் அந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். அத்தனை பேரை அடக்கம் செய்துவிட்டு மிஞ்சி நிற்பது வரமா என்று எனக்குத் தெரியவில்லை.

கரிசல்காட்டான்

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்த ஒரு சதவீத ஆட்களின் எலும்பு மஜ்ஜையை எடுத்து நோயாளிகளுக்குப் போட்டால் முடிந்ததே கதை. பெர்லினில் ஒருத்தரைக் குணப்படுத்தியே விட்டார்களாமே. ஏன் எல்லாருக்கும் செய்வதில்லை? ஆயுசுக்கும் மாத்திரை விற்றால்தானே கம்பெனிக்கு லாபம். நான் தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

லேப்கோட்டு

திருத்துகிறேன். டிமதி ரே பிரவுன், பெர்லினில் வசித்த அமெரிக்கர். எச்ஐவியோடு பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர். 2006ல் ரத்தப் புற்றுநோய் வந்தது, மாற்று மஜ்ஜை போட்டாக வேண்டும். கெரோ ஹியூட்டர் என்ற டாக்டர், எப்படியும் போடப் போகிறோம், டெல்டா 32 இரண்டு பிரதியும் உள்ள கொடையாளரைத் தேடிப் பார்ப்போமே என்று இறங்கி, பொருந்திய கொடையாளர்களை ஒவ்வொருவராகச் சோதித்து 61ஆவது ஆளிடம் கண்டுபிடித்தார். 2007ல் முதல் மாற்று, புற்றுநோய் திரும்பியதால் 2008ல் இரண்டாவது. எச்ஐவி திரும்பவே இல்லை. ஆனால் அந்த இரண்டாவதில் அவர் சாகக் கிடந்தார், பார்வை மங்கி, திரும்ப நடக்கப் பழக வேண்டியிருந்தது. 2020ல் அதே புற்றுநோய் மீண்டும் வந்து இறந்தார், 54 வயது. அதற்குப் பிறகு லண்டன், டுசல்டார்ஃப், நியூயார்க் என்று சிலர். இன்றும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்தச் சிகிச்சையில் சாகும் ஆபத்து கணிசமானது, புற்றுநோய் இல்லாத ஒருவருக்கு இதைச் செய்வது கொலை முயற்சிக்குச் சமம். மறுபக்கம் தினம் ஒரு மாத்திரை, அதுவும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது கூட்டு மருந்து தரும் மையத்தில், இலவசம். கம்பெனிக்காரன் நல்லவன் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் இந்தக் கணக்கில் அவன் குற்றவாளி இல்லை. கம்பெனி இந்த மரபணுவைப் பார்த்து மருந்தே செய்தது, மராவிராக், 2007ல் அமெரிக்காவில் அனுமதி, சிசிஆர்5ஐ அடைத்துவிடும். அதையும் எல்லாருக்கும் கொடுக்க முடியாது, வைரஸ் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ஜெனீவாவில் ஒருவருக்குச் சாதாரண சிசிஆர்5 உள்ள கொடையாளரின் மஜ்ஜையைப் போட்டும் எச்ஐவி திரும்பவில்லை, 2023ல் அறிவித்தார்கள். அதனால் டெல்டா 32தான் எல்லாம் என்பதும் ஆட்டம் கண்டுவிட்டது.

வைகை_மைந்தன்

சீனாவில் ஒருத்தர் குழந்தைகளுக்கே இந்த மரபணுவை வெட்டிவிட்டாராமே?

லேப்கோட்டு

ஹெ ஜியான்குய். 2018 நவம்பரில் அறிவித்தார், இரட்டைப் பெண் குழந்தைகள். அப்பாவுக்கு எச்ஐவி. அப்பாவிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க விந்தணுவைக் கழுவி எடுப்பது என்ற பழைய எளிய வழி இருக்கிறது, அதையும் இவரே செய்தார், பிறகு எதற்கு மரபணுவை வெட்டினார்? குழந்தைகளிடம் உண்டானது டெல்டா 32ம் இல்லை, இதுவரை மனிதர்களிடம் யாரும் பார்க்காத வேறு வெட்டுகள். 2019 டிசம்பரில் மூன்று வருடச் சிறை, 30 லட்சம் யுவான் அபராதம். சிசிஆர்5 உடம்பில் சும்மா இருப்பதும் அல்ல. வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றியவர்களில் சிசிஆர்5 இல்லாதவர்களுக்கு நோய் கடுமையாக வர வாய்ப்பு அதிகம் என்று 2006லேயே தெரியும். ஆயுள் குறையும் என்று 2019ல் ஒரு கட்டுரை வந்து பரபரப்பாகி, தரவில் பிழை என்று அதே வருடம் திரும்பப் பெறப்பட்டது. அந்தத் திரும்பப் பெற்ற கட்டுரையை இன்னும் பலர் பகிர்கிறார்கள், இங்கே யாரும் போட்டுவிடாதீர்கள்.

யாழ்மகன்_ஒஸ்லோ

அப்ப ஆப்பிரிக்காவில்? நோய் கூடுதலாக இருக்கிற இடமே அதுதான். அங்கே டெல்டா 32 இல்லையெண்டால் ஒருவருக்கும் இயற்கையான எதிர்ப்பு இல்லையோ?

லேப்கோட்டு

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நைரோபியில் பும்வானி என்ற பகுதி. அங்கே பாலியல் தொழில் செய்யும் பெண்களை 80களின் நடுவிலிருந்து கென்ய, கனடிய மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலான பெண்களுக்குத் தொற்று வந்தது. ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் வருடக்கணக்கில் வரவில்லை, இத்தனைக்கும் வாடிக்கையாளர்களில் எச்ஐவி உள்ளவர்கள் ஏராளம். டெல்டா 32 காரணம் இல்லை. இந்தப் பெண்களின் ரத்தத்தில் எச்ஐவியை அடையாளம் கண்டு தாக்கும் டி செல்கள் இருந்தன, அதாவது வைரஸை உடம்பு சந்தித்திருக்கிறது, உட்கார விடவில்லை.

இதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் 2001ல் வந்தது. இந்தப் பெண்களில் சிலருக்குப் பிற்காலத்தில் தொற்று வந்தது. யாருக்கு என்று பார்த்தால், தொழிலை நிறுத்தியவர்கள் அல்லது கொஞ்ச நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவர்களிடம் அது அதிகம். வெறும் மரபணு என்றால் ஊருக்குப் போய்வந்தால் தேய்ந்துபோகுமா? மரபணுவுக்கும் அங்கே பங்கு உண்டு, வைரஸின் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் எச்எல்ஏ புரதங்களில் சில வகைகளோடு தொடர்பு பார்த்தார்கள், ஆனால் அது மட்டும் இல்லை.

ஆப்பிரிக்க வம்சாவளியை வைத்து 2008ல் ஒரு பெரிய அறிவிப்பு. மலேரியாவுக்கு எதிராக அங்கே பரவிய டஃபி என்ற ரத்த வகை மரபணு மாற்றம் எச்ஐவி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்றார்கள், பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி. மற்றவர்கள் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. சிசிஎல்3எல்1 என்ற மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்பதைப் பொறுத்து எச்ஐவி வரும் என்று 2005ல் சொன்னதற்கும் இதே கதி. 2013ல் தொற்று உள்ளவர்கள் 6,000 பேருக்கு மேல், இல்லாதவர்கள் 7,000 பேருக்கு மேல் என்று முழு மரபணுத் தொகுதியையும் அலசினார்கள். தொற்றுமா தொற்றாதா என்ற கேள்விக்குத் தேறியது பழைய டெல்டா 32 ஒன்றே. இந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வை வைத்து வரும் செய்தி எதையும் நான் நம்புவதில்லை.

தென்றல்

தொற்றுமா என்பது ஒன்று, தொற்றிய பிறகு எப்படிப் போகும் என்பது வேறு. அதில் ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம் என்று நாங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். மருந்து எல்லாருக்கும் கிடைக்காத காலத்தில் சிலர் மூன்று வருடத்தில் போய்விடுவார்கள், சிலர் பன்னிரண்டு வருடம் வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அதற்கு மரபணு காரணமா?

லேப்கோட்டு

அங்கேதான் மரபணுவுக்கு நிஜமான வேலை, மேடம். வைரஸின் துண்டுகளை செல்லின் மேற்பரப்பில் தூக்கிக் காட்டுபவை எச்எல்ஏ புரதங்கள், அதைப் பார்த்துத்தான் டி செல் வந்து அந்த செல்லைக் கொல்லும். எச்எல்ஏ-பி57, பி27 வகை உள்ளவர்கள், வைரஸ் தன் ஓட்டைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தின் துண்டைக் காட்டுவார்கள். அந்த இடத்தை மாற்றிக்கொண்டால் வைரஸ் தப்பிக்கலாம், ஆனால் ஓடு சரியாக அமையாமல் பெருக்கம் தடுமாறும். மாறினாலும் நஷ்டம், மாறாவிட்டாலும் நஷ்டம். மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கும் அபூர்வ ஆட்களிடம் பி57 அதிகம் காணப்படுவது இதனால். பி35ன் சில வகைகள் இருந்தால் நேர்மாறு, சீக்கிரம் மோசமாகும். பி57 உள்ள எல்லாரும் அடக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பெரும்பாலோரால் முடியாது.

ஆளுக்கு ஆள் வைரஸ் அளவு மாறுவதில் சுமார் கால் பங்குதான் நம் மரபணுவால் என்று 2015ல் கணக்கிட்டார்கள், அதுவும் ஐரோப்பியர்களை வைத்து. ஆப்பிரிக்க வம்சாவளியினரை மட்டும் வைத்து 2023ல் பார்த்தபோது சிஎச்டி1எல் என்ற, அதுவரை யாரும் சந்தேகப்படாத மரபணு கிடைத்தது. இந்தியர்களை வைத்து அந்த அளவில் பார்த்தால் என்ன கிடைக்குமோ! இந்தியாவில் முதல் தொற்று 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேர்ந்து கண்டுபிடித்தது. அந்த ஊரிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

பெயர்_வேண்டாம்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு இருக்கிறது, எட்டு வருஷமாக மாத்திரை, வைரஸ் அடங்கியிருக்கிறது. இப்போது சிறுநீரகச் சோதனையில் கிரியாட்டினின் ஏறியிருப்பதால் டெனோஃபோவிரை நிறுத்திவிட்டு அபாகாவிர் போடலாம் என்கிறார் டாக்டர். எதிலோ பி57 டெஸ்ட் என்று படித்தேன். அது இருந்தால் நல்லதுதானே? எதற்குத் தனியாக டெஸ்ட்?

லேப்கோட்டு

நல்ல வேளை கேட்டீர்கள். பி57ல் 01 என்ற உட்பிரிவு, எச்எல்ஏ-பி*57:01. வைரஸை அடக்க உதவும் அதே வகைதான், ஆனால் அபாகாவிர் மாத்திரை அந்தப் புரதத்தின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, நம் உடம்பின் துண்டுகளையே அந்நியமாகக் காட்டவைக்கும். காய்ச்சல், தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல், பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள். 2008ல் வந்த பிரெடிக்ட்-1 ஆய்வில், முன்கூட்டியே இந்த டெஸ்ட் எடுத்து, அந்த வகை உள்ளவர்களுக்கு மருந்தைத் தவிர்த்தபோது, தோல் பரிசோதனையில் உறுதியான ஒவ்வாமை ஒருவருக்கும் வரவில்லை. இந்தியர்களிடம் இந்த வகை அபூர்வமே அல்ல, டெல்டா 32 மாதிரி நினைத்துவிடாதீர்கள்.

டெஸ்ட் எடுக்காமல் ஆரம்பிக்க வேண்டாம். இல்லை என்று வந்தால் தாராளமாகச் சாப்பிடலாம், அதற்காக மற்ற காரணங்களால் வரும் ஒவ்வாமையைக் கவனிக்காமல் விட வேண்டாம்.

பெயர்_வேண்டாம்

ஏற்கெனவே ஒருத்தர் இந்த மாத்திரையில் தடிப்பு வந்து நிறுத்தி, சரியானதும் திரும்ப ஆரம்பித்ததாகச் சொன்னார். அப்படிச் செய்யலாமா?

தென்றல்

கூடவே கூடாது. முதல் தடவை தடிப்போடு போனது, திரும்பச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். அவரைத் தெரிந்தால் இன்றைக்கே அவருடைய ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகச் சொல்லுங்கள், மருந்து அட்டையில் "அபாகாவிர் கூடாது" என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். போக இயலாவிட்டால் 1097க்கு அழைத்துக் கேட்கலாம், கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை.

பெயர்_வேண்டாம்

சொல்லிவிடுகிறேன். எனக்கு அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கும் தேதி, டெஸ்ட் எழுதச் சொல்லிக் கேட்கிறேன். ஒரு தடவை எடுத்தால் போதுமா, வருஷா வருஷம் எடுக்க வேண்டுமா?

லேப்கோட்டு

ஒரே தடவை போதும், அது மாறாது. ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், மையம் மாறினால் அங்கேயும் ஒரு நகல் கொடுங்கள்.